அண்டா இல்லை, படகு

மதுரைக்காரனுக்கும் படகுக்கும் உள்ள உறவு வருஷத்துக்கு ஒரு நாள் உறவு. தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் தெப்பம் ஏறுவார்கள். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். அந்தத் தெப்பத்துக்கும் துடுப்பு கிடையாது; வடம் கட்டிக் கரையில் நின்று இழுப்பதுதான். பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து சேராத வருஷங்களில் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும், பூஜை நடக்கும், மறுநாள் பேப்பரில் ‘நிலைத்தெப்பம்’ என்று போடுவார்கள். மற்ற ஊரில் தேர் ஓடாவிட்டால் அபசகுனம். எங்கள் ஊரில் மிதக்காத தெப்பத்துக்கு முறையான பேரே உண்டு.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் என் மச்சான் ஒரு மீன்பிடிப் படகு வாங்கினார்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். ரிடையர் ஆன கையோடு யூடியூப் பார்க்க ஆரம்பித்தவர். அமெரிக்காவில் மினசோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே வண்டி நம்பர் பிளேட்டிலேயே பத்தாயிரம் ஏரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெரிசுகள் ஓட்டை அலுமினியப் படகைக் கொல்லையில் போட்டுச் சுரண்டி, தட்டி, பெயின்ட் அடித்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் விட்டு மீன் பிடிக்கிறார்கள். இதை ராத்திரி பூராவும் பார்த்துவிட்டுக் காலையில் எனக்குப் போன் போடுவார். “மாப்ளே, நம்ம ஊர்ல இல்லாத கண்மாயா?” இருக்கிறது. தல்லாகுளம், பீபீகுளம் என்று பேரில் குளமும் வாசலில் பஸ் ஸ்டாப்பும் உள்ள இடங்களைக் கழித்துவிட்டால்கூட மிச்சம் நிறையவே இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தம் பண்ணின இடத்தில் நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றியெல்லாம் பேசக்கூடாது.

படகு கிடைத்தது பழைய இரும்புக் கடையில். ஏதோ ஒரு அணையில் ஏலம் போனதாம். எந்த அணை என்று கேட்டால் கடைக்காரர் மேற்குப் பக்கமாகக் கையை நீட்டினார். பன்னிரண்டு அடி நீளம், தட்டை அடி, ஓரமெல்லாம் ரிவிட். மச்சான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஆராய்ந்ததைப் பார்த்துக் கடைக்காரர் கேட்டார்: “முழுசா வேணுமாண்ணே, இல்ல உடைச்சு மூட்டையா கட்டவா?” தராசில் ஏற்றினார்கள். ஒரு ஆள் எடைதான் இருந்தது. கிலோ கணக்கில் படகு வாங்கிய முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மச்சான் இருப்பது இரண்டாம் மாடி அபார்ட்மென்டில். படகு குட்டியானையில் ஏறிக் கருப்பாயூரணிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்தது. வழியில் சிக்னலில் நின்ற போலீஸ்காரர் வண்டியை ஒருமுறை பார்த்தார், வானத்தை ஒருமுறை பார்த்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் போகச்சொல்லிக் கையைக் காட்டினார்.

வாசலில் இறக்கியதும் அப்பத்தா வெளியே வந்தது. தடியை ஊன்றிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தது. “ஏப்பா, இம்புட்டுப் பெரிய ஈயச் சட்டியில யாருக்குச் சோறு வடிக்கப் போறீக?”

“அது படகு அப்பத்தா.”

“படகாவே இருக்கட்டும். யாருக்குச் சோறு?”

அப்பத்தாவைக் குறை சொல்ல முடியாது. அலுமினியம் இந்த ஊருக்குள் நுழைந்ததே அடுப்படி வழியாகத்தான். ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் முக்கியமான விருந்தாளிகளுக்குத்தான் அலுமினியத்தில் ஸ்பூனும் முள்கரண்டியும் வைப்பானாம், மற்றவர்களுக்குத் தங்கம். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் ஹெரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, செத்தது 1914. ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள் கவனிக்கலாம். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1898-ல், ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 1965 வாக்கில் மேட்டூரிலேயே அலுமினியம் உருக்க ஆரம்பித்தார்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் தோண்டிய பாக்சைட்தான் மூலப்பொருள். நெப்போலியன் கரண்டி நம் வீட்டுக் குண்டானாக மாறிய கதை இது. இதை மச்சான் அப்பத்தாவுக்கு விலாவாரியாகச் சொன்னார். “அதான் நானும் சொன்னேன், குண்டான்னு” என்று அது உள்ளே போய்விட்டது.

முதல் வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. படகில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அதைத் தண்ணீரில் விட வேண்டியதில்லை, தண்ணீரைப் படகுக்குள் விட்டால் போதும். வெளியே எங்கே சொட்டுகிறதோ அங்கே ஓட்டை. மினசோட்டாவில் ஏரி வைத்திருப்பவர்களே இப்படித்தான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். லாரி டயர்களின் மேல் படகை உட்கார வைத்து, போர் மோட்டாரைப் போட்டு, நாலு விரற்கடை தண்ணீர் நிரப்பினோம். முந்நூறு லிட்டருக்குக் குறையாது. தெருவே கூடிவிட்டது. லாரித் தண்ணீருக்குக் காலிக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்த பெண்கள் படகைப் பார்த்த பார்வையில் பாதி ஆச்சரியம், மீதி வயிற்றெரிச்சல்.

பொடிப்பயல்கள் ஆளுக்கொரு ரிவிட்டுக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்கள். “மாமா, இங்க ஒண்ணு!” “இங்க ரெண்டு!” மச்சான் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னாலேயே அப்பத்தா ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே ஒரு சொம்பையோ டம்ளரையோ வைத்துக்கொண்டு வந்தது. நிறைந்ததை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியது. பக்கத்து வீட்டு வெள்ளாடு முன்னங்கால் இரண்டையும் படகு விளிம்பில் வைத்துத் தண்ணீர் குடித்தது. அது வரைக்கும் அந்தப் படகு செய்த வேலைகளிலேயே உருப்படியானது அதுதான்.

ஓட்டை என்றால் நம் குடும்பங்களில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் தெரியும், எம்-சீல். சின்டெக்ஸ், சம்பு, ஸ்கூட்டர் டேங்க் எல்லாவற்றையும் அதை உருட்டி வைத்தே காப்பாற்றி வந்திருக்கிறோம். மச்சான் கேட்கவில்லை. தளர்ந்த ரிவிட்டை இறுக்காமல் மேலே எதைப் பூசினாலும் தகரம் அசைகிற அசைவில் பெயர்ந்துவிடும் என்றார். ஆர்கான் வெல்டிங் வைக்கலாமா என்று ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு பட்டறையில் விசாரித்தோம். வெல்டர் தகட்டை நகத்தால் சுண்டிப் பார்த்தார். “இரும்புன்னா சூடேறினா சிவக்கும், எச்சரிக்கை குடுக்கும். இது 660 டிகிரியில சொல்லாம கொள்ளாம ஒழுகிரும். ஆனா மேல இருக்குற ஆக்சைடு தோலு உருகுறதுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வேணும். உள்ள கஞ்சி, வெளிய பை. இந்தப் பழைய தகட்டுல வச்சா ஒரு ஓட்டை ஒம்பது ஓட்டை ஆயிரும்ணே.” வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற மனுஷனைப் பார்ப்பது அபூர்வம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கடைசியில் வேலை முடிந்தது சைக்கிளில் வந்தவரால். “அலுமினியச் சட்டி, குண்டான், அண்டாவுக்கு அடி போடுறது, பிடி போடுறதே…” என்று தெருவில் போய்க்கொண்டிருந்தவர் எங்கள் வாசலில் பிரேக் பிடித்தார். படகைப் பார்த்தார். “எத்தனை படி அண்டாண்ணே இது?”

“அண்டா இல்லை, படகு” என்றார் மச்சான், இந்த வாக்கியத்தை அந்த வாரம் பூராவும் சொல்லிச் சலித்த குரலில்.

“ஒழுகுதுல்ல?”

“ஒழுகுது.”

“அப்ப எங்க வேலைதான்.”

அவர் உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் ரிவிட்டைத் தட்டினார். ஒவ்வொரு அடிக்கும் ஈடாக வெளிப்பக்கம் ஒரு கனமான இரும்புத் துண்டை ரிவிட் தலையோடு ஒட்டி அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மச்சானுக்கு முட்டிவலி. படகுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே அலுமினியம் கோயில் மணியாக முழங்க, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தவனுக்கு மச்சான் ரிவிட் அடித்துவிட்டார் என்று என் வீட்டுக்காரி போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பெயின்ட் விவகாரத்தில் மச்சான் தனி சாஸ்திரமே வைத்திருந்தார். இரும்புக் கம்பி பிரஷ் ஆகாது, துகள் ஒட்டிக்கொண்டு அலுமினியத்தை அரிக்கும். பழைய பெயின்ட்டைச் சுரண்டியதும் எட்ச் பிரைமர் அடித்துவிட வேண்டும், ஆறப் போடக் கூடாது. ஏனென்றால் காற்றுப் பட்ட மாத்திரத்தில் அலுமினியம் மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு கனம்தான், ஆனால் அது துருவுக்கும் விடாது, பெயின்ட்டுக்கும் லேசில் இடம் கொடுக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், செம்பும் பித்தளையும் கிட்டேயே வரக்கூடாது. ஈரத்தில் அவை இரண்டும் அலுமினியத்தோடு சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். முன்பு எவனோ முடுக்கிய பித்தளை ஸ்க்ரூவைக் கழற்றினால் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சானின் வீட்டம்மா திருப்பரங்குன்றத்தில் வைத்துப் பூஜித்த செப்புத் தகட்டோடு வந்து இறங்கினார். முகப்பில் அடிக்க வேண்டுமாம். மச்சான் எலெக்ட்ரான் பற்றி விளக்க ஆரம்பித்தார். அக்கா முகம் மாறியது. “சாமித் தகடு பட்டா படகுக்கு ஆகாதா? சாமிக்கே தீட்டா?” என்று திண்ணையிலிருந்து அப்பத்தாவும் சேர்ந்துகொண்டது. சமரசம் சைக்கிள் டியூப்பில் முடிந்தது. டியூப்பை வெட்டி அடியில் வைத்து, தகடு எந்த இடத்திலும் அலுமினியத்தைத் தொடாதபடி பசை போட்டு ஒட்டினார்கள். முருகனுக்கு இன்சுலேஷன் கொடுத்த படகு உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்து மேலூர்ப் பக்கம் மச்சானின் சொந்த ஊர்க் கண்மாய் நிறைந்தது. மார்கழியில் படகு இறங்கியது. சத்தியமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால் கொஞ்சம் கனமாவது கூடியிருக்கும். அலுமினியப் படகு லேசு; தட்டை அடி, மேலே ரெண்டு ஆள். காற்று அதைக் கண்மாயின் நடுவுக்குத் தூக்கிக்கொண்டு போனது. மூங்கில் கழியை ஊன்றினால் கழி சேற்றில் நின்றுகொண்டது, படகு போய்விட்டது. மினசோட்டா ஏரியில் இல்லாத ஒன்று நம் கண்மாயில் உண்டு: தண்ணீருக்குள் நிற்கும் கருவேலங்காடு. சமூகக் காடு என்று சர்க்கார் வைத்த மரங்கள். அதில் ஒன்றின் கவட்டையில் படகு போய்ச் சொருகிக்கொண்டது. மேலே கொக்குகளின் குடியிருப்பு. பெயின்ட்டுக்கு அவை இரண்டாவது கோட்டிங் கொடுத்தன.

கரையில் ஊரே நின்றது. 2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அப்போது அமைச்சராக இருந்த செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், அவை காற்றில் கரைக்கே திரும்பி வந்ததும் மதுரைப் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “தெர்மாகோலாவது கரைக்கு வந்துச்சு. இவய்ங்க வர மாட்டேங்குறாய்ங்களே!”

எங்களை மீட்க வந்தவரும் தெர்மாகோலில்தான் வந்தார். கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர். சாக்கில் வைத்துத் தைத்த தெர்மாகோல் கட்டின் மேல் குப்புறப் படுத்து, கையாலேயே தள்ளிக்கொண்டு, போகிற போக்கில் வலையையும் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாக வந்தார். மச்சான் தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குத்தகைக் கண்மாயில் அனுமதி கேட்காமல் தூண்டில் போடுவது பேசித் தீர்க்கவேண்டிய விஷயம்.

அவர் தூண்டிலைக் கண்டுகொள்ளவே இல்லை. படகின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார், உள்ளே கையை விட்டு அடியைத் தடவினார்.

“கொஞ்சங்கூட ஒழுகலையே?”

“ஒரு சொட்டு ஒழுகாது” என்றார் மச்சான், மரக்கிளைக்கு அடியிலிருந்து, பெருமையாக.

“விரால் பிடிச்சா உசுரோட வச்சு விக்கணும்ணே. செத்தா பாதி விலைதான். என்கிட்ட இருக்குற அண்டா பத்தல. இதைக் கரையில போட்டுத் தண்ணி ரொப்பினா நூறு மீன் தாராளமா நிக்கும். குடுக்குறீகளா?”

மச்சான் முகம் சிவந்தது. பத்து நொடி பேசவில்லை. ஒரு கொக்கு அவர் சட்டையில் தன் கருத்தைப் பதிவு செய்தது.

“வாடகைக்கா, விலைக்கா?” என்றார்.