தன் வழக்குக்குத் தானே அப்புக்காத்து

ஒஸ்லோவில் தன் விவாகரத்தைத் தானே நடத்துவதென்று துணிந்துவிட்ட தமிழருக்கு முதலில் வாழ்த்துகள். மணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் குரோணர், அதற்கு மேலே 25 வீதம் மொம்ஸ் (பெறுமதி சேர் வரி) என்று லோயருக்கு அழ வேண்டிய காசு உங்கள் பையிலேயே கிடக்கிறது. உங்கள் முன்னாள் அந்தக் காசை ஏற்கெனவே அழுதாயிற்று. அவர் பிடித்திருக்கும் லோயர் பொல்லாதவர், ஆளைக் கிழித்துக் கொடியில் காயப்போடுவார் என்று ஸ்தூவ்னரிலிருந்து லோரன்ஸ்கூக் வரைக்கும் கதை உலாவுகிறது. கவலை வேண்டாம். இந்தக் கையேட்டை ஒழுங்காகப் பின்பற்றினால் அந்த லோயரைப் பட்டினி போடலாம்.

தன் வழக்கைத் தானே பேசுவது நமக்குப் புதிதில்லை. 1952இல் வந்த பராசக்தி படத்தில் குணசேகரன் கூண்டிலே நின்று பேசியதை இன்றைக்கும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பெரியவர்கள் ஒஸ்லோவில் இருக்கிறார்கள். நீங்களும் அப்படிப் பேசலாம் என்று நினைத்திருப்பீர்கள். வேண்டாம். சி. ஜே. ஹம்ப்ரோ சதுக்கத்தில் இருக்கும் ஒஸ்லோ திங்ரெட், அடுக்குமொழிக்காகக் கட்டப்பட்ட நீதிமன்றம் இல்லை. நீங்கள் எதுகை மோனையோடு ஐந்து நிமிடம் முழங்குவீர்கள். தொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர், அதை "அவருக்கு மனவருத்தம்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பார். இன்னும் கொஞ்சம் முழங்கினால் வேறு ஆபத்தும் உண்டு. ஒருவர் தன் வழக்கை விளங்கும்படி சொல்ல முடியாமல் தவித்தால், லோயர் வைத்துக்கொள்ளும்படி நீதிமன்றமே கட்டளையிட நோர்வேயின் வழக்கு நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. இவ்வளவு தூரம் வந்து, நீதிபதியின் வாயால் "ஒரு லோயரைப் பிடியுங்கள்" என்று கேட்பதா?

பின்பற்ற வேண்டியவள் கண்ணகி. பாண்டியன் சபைக்கு அவள் கொண்டுபோனது ஒரேயொரு சான்றுப்பொருள். அங்கே தீர வேண்டியிருந்தது ஒரேயொரு கேள்வி: உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா? உடைத்தாள், தெறித்தது, வழக்கு முடிந்தது. மாமியார் என்ன சொன்னார், மாதவி வீட்டில் கோவலன் எத்தனை வருடம் கிடந்தான் என்பதையெல்லாம் அவள் சபையில் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அரசவை லோயர் ஒருவர் எழுந்து, சிலம்பை விட்டுவிட்டு மாதவியைப் பற்றியே அந்தியாகும்வரை கேள்வி கேட்டிருப்பார். (மதுரையை எரித்தது தீர்ப்புக்குப் பிறகு நடந்தது. அது இந்தக் கையேட்டின் எல்லைக்குள் வராது.)

அடுத்து, ஒரு பெரிய ஏமாற்றத்துக்கு மனத்தைத் தயார் செய்யுங்கள். நோர்வேயில் விவாகரத்து என்ற காரியத்தில் எந்த லோயருக்கும் பெரிதாக வேலை இல்லை. 1991ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று ஒருவர் நினைத்தால் பிரிவு கேட்கலாம். மற்றவரின் சம்மதம் தேவையில்லை. காரணமும் சொல்ல வேண்டாம். விண்ணப்பம் நீதிமன்றத்துக்கே போவதில்லை. நம் கச்சேரி மாதிரியான ஸ்தாட்ஸ்ஃபோர்வால்தர் அலுவலகத்துக்குப் போகிறது. மின் அடையாளமான பேங்க் ஐடியைத் தட்டினால் வீட்டு சோபாவிலிருந்தே அனுப்பலாம், கட்டணமும் இல்லை. பிரிவு கிடைத்து ஒரு வருடம் போனபின் மறுபடி விண்ணப்பித்தால் விவாகரத்து.

நம்மவருக்கு இது சப்பென்று இருக்கும். இலங்கைத் திருமணப் பதிவுச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு குற்றம் வேண்டும்: பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, அல்லது கலியாண நாளிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. அந்தச் சட்டத்தின் கீழ் வளர்ந்த மனம், பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்தே ஆதாரம் சேர்க்கத் தொடங்கிவிடும். வாட்ஸ்அப் உரையாடல்களின் படங்கள், பேஸ்புக்கில் யார் யாருக்கு இதயம் போட்டார்கள் என்ற பட்டியல், மச்சான் ஒருவர் காருக்குள் ஒளிந்திருந்து எடுத்த மங்கலான புகைப்படம். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால், அதைப் போட ஒரு பெட்டிகூட இல்லை. யார் பிழை என்று இந்த நாடு கேட்கவே இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இப்சனின் பொம்மை வீடு நாடகத்தில் நோரா கதவைச் சாத்திவிட்டுப் போனது 1879இல். அவள் புருஷன் ஹெல்மர் தொழிலால் ஒரு லோயர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவளுக்கு லோயரும் இல்லை, பங்கும் இல்லை, பிள்ளைகளைப் பார்க்கும் நாளும் குறிக்கப்படவில்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் பிரியலாம் என்ற அளவுக்கு நோர்வேச் சட்டம் இளகியது 1909இல்தான். அதற்குள் நோராவுக்கு வயதாகியிருக்கும்.

ஆகவே எதிர்த்தரப்பு லோயருக்கு மிஞ்சியிருக்கும் மேய்ச்சல் நிலம் மூன்று: சொத்து, பிள்ளைகள், உங்கள் வாய். முதல் இரண்டையும் சட்டம் ஓரளவுக்கு வேலி கட்டி வைத்திருக்கிறது. மூன்றாவதற்கு வேலி கிடையாது. அவர் கொழுப்பது அங்கேதான்.

அவரது முதல் கடிதம் வந்ததும் கை நடுங்கும். "இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் முன்னறிவிப்பின்றி வழக்குத் தொடரப்படும்" என்று இருக்கும். இரண்டு விஷயம் தெரிந்தால் நடுக்கம் பாதியாகும். வழக்குப் போடுமுன் மற்றத் தரப்புக்கு எழுத்தில் தெரிவிப்பது சட்டம் விதித்த கடமை, எனவே அந்த மிரட்டலில் பாதி வெறும் சம்பிரதாயம். அடுத்தது, கடிதத்தில் போட்டிருக்கும் 14 நாள் லோயர் தானாகவே போட்டுக்கொண்ட கெடு. நீதிமன்றம் போட்டதில்லை. அதற்காக அதைக் குப்பையில் போடச் சொல்லவில்லை, மரியாதையாக இரண்டு வரி எழுதினால் போதும். நீதிமன்றத்திலிருந்து வரும் கடிதம் வேறு சாதி. வழக்குக்குப் பதில் மனுப் போட வழக்கமாக மூன்று வாரம் தருவார்கள். சொத்து வழக்கில் அந்தக் கெடுவைத் தவறவிட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடலாம். நம் ஆட்கள் லோயரின் கடிதத்துக்கு ஒன்பது பக்கம் பதில் எழுதுவார்கள், நீதிமன்றத்தின் கடிதத்தைப் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டிமேல் வைப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள்.

ஒன்பது பக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். "நான் நீளமாக எழுத எழுத அவளுடைய லோயர் வாசிக்க வேண்டும், வாசிக்க வாசிக்க மணி ஓடும், காசு அவள் பையிலிருந்துதான் போகும்" என்று ஒரு தந்திரம் நம்மவரிடையே புழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொத்து வழக்கில் தோற்றவர், வென்றவரின் செலவைக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. ஆக, நீங்கள் எழுதிய வசவை அவர் வாசித்த கூலியை, மொம்ஸோடு சேர்த்து, நீங்களே கட்டும் பாக்கியம் கிடைக்கலாம்.

இனிச் சொத்து. தேடியது பாதி பாதி, இது அடிப்படை. கலியாணத்துக்கு முன்பே இருந்தது, முதுசமாக வந்தது, வேறொருவர் அன்பளிப்பாகத் தந்தது ஆகியவற்றின் பெறுமதியைப் பங்கிடாமல் ஒதுக்கிவைக்கக் கேட்கலாம், ஆனால் அது எங்கிருந்து வந்ததென்று தெளிவாகக் காட்ட வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்துப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கணக்கு ஒஸ்லோ நீதிபதியைவிட வேகமாக விளங்க வேண்டும். விளங்கும். கையில் உறுதிதான் இருக்காது. "அப்பா எழுதித் தந்த காணி, ஊரில் எல்லாருக்கும் தெரியும்" என்பது சான்று இல்லை. ஊரில் எல்லாரையும் ஹம்ப்ரோ சதுக்கத்துக்குக் கூப்பிட முடியாது.

நகை விஷயத்தில்தான் பொல்லாத லோயருக்கு உண்மையான விருந்து. தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே உரிய பொருளை ஒருவர் தானே வைத்துக்கொள்ளலாம், வெளிப்படையாக அநியாயமாக இருந்தாலொழிய, என்கிறது சட்டம். இருபத்தொரு பவுண் தாலிக்கொடி பாவனைப் பொருளா, முதலீடா? அது புருஷன் போட்டது, ஆக மூன்றாமவர் தந்த அன்பளிப்பு என்ற வாசலும் அடைபட்டது. இரண்டு பக்கமும் வாதாடலாம், இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் காசு வாங்கலாம். அதோடு உங்கள் கலியாண அல்பம் இருக்கிறதே, யார் எந்த நகையை யார் கழுத்தில் போட்டார் என்று வரிசையாகப் படம் எடுத்து வைத்தது, அதைவிடச் சிறந்த சாட்சிப் பத்திரத்தை எந்த லோயரும் கேட்டிருக்க மாட்டார். அல்பத்துக்குக் காசு கட்டியதும் நீங்களே.

சீட்டுக் காசை மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். எழுத்தில் ஒன்றும் இல்லைத்தான். ஆனால் மாதம் பத்தாம் தேதி ஒரே ஆளுக்கு ஒரே தொகையை விப்ஸ் செயலியில் அனுப்பி, பக்கத்தில் "சீட்டு" என்றும் எழுதி, ஒரு கும்பிடு படமும் போட்டிருக்கிறீர்கள்.

பொதுவாகக் கணக்கு எடுக்கும் நாள் எது தெரியுமா? பிரிவு விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போன நாள், அல்லது சேர்ந்து வாழ்வதை முறித்த நாள், எது முந்தியதோ அது. ஆகவே கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போகுமுன் வங்கிக் கணக்கின் அன்றைய நிலையைப் பதிந்து வையுங்கள். கோபத்துக்கு அவ்வளவு பொறுமை உண்டா என்பது வேறு கேள்வி.

பிள்ளைகள் விஷயத்தில் பகிடியைக் குறைத்துக்கொள்கிறேன். 16 வயதுக்குக் கீழ் பொதுப்பிள்ளை இருந்தால், பிரிவு விண்ணப்பத்தோடு சமரசப் பேச்சுக்குப் போன சான்றிதழ் வேண்டும். ஹோமன்ஸ்பியன், எனர்ஹவுகன் போன்ற இடங்களில் உள்ள குடும்ப ஆலோசனை அலுவலகங்கள் இதை இலவசமாக நடத்துகின்றன, குறைந்தது ஒரு மணிநேரம். பெற்றோர் நேரில் வர வேண்டும். லோயரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியாது. பொல்லாத லோயர் இல்லாத அறையில் உங்களுக்குச் சட்டமே தந்திருக்கும் ஒரு மணிநேரம் அது. அதைப் பழைய சண்டையின் மறு ஒளிபரப்புக்குச் செலவழிக்கிறவர்களை என்ன சொல்ல! அது கைகூடாமல் நீதிமன்றம் போனாலும் நீதிபதி முதலில் இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவரவே பார்ப்பார், பெரும்பாலும் உளவியல் அறிந்த நிபுணர் ஒருவரும் பக்கத்தில் இருப்பார். அந்த அறையில் அவர்கள் பார்ப்பது யார் நல்லவர் என்பதை அல்ல. யாரால் மற்றவரைப் பற்றி வன்மம் இல்லாமல் இரண்டு வசனம் பேச முடிகிறது என்பதை. எதிர்த்தரப்பு லோயர் உங்களைச் சீண்டுவதும் இதற்காகத்தான். சீண்டலுக்கு நீங்கள் குதித்தால் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். பராமரிப்புக் காசுக்கு மூச்சைச் செலவழிக்கவே வேண்டாம், அதற்கு நாவ் எனும் அரச நலன்புரி அலுவலகத்தில் கணக்கு முறை இருக்கிறது.

மொழி தெரியாவிட்டால் தொல்க் கேளுங்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் அரச அலுவலகங்களின் மேல் அந்தக் கடமையைச் சுமத்துகிறது, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதையும் தடுக்கிறது. பெரியப்பா மகன் நோர்வேஜிய மொழியில் விளாசுவான் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவன் நீங்கள் சொன்னதைச் சொல்ல மாட்டான், நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்வான். வழக்கு முடிந்தபின் அதைக் கோயில் தேரடியிலும் சொல்வான்.

நீதிபதியைக் கண்டு ஒடுங்க வேண்டாம். லோயர் இல்லாத தரப்புக்கு நடைமுறையை விளக்கி வழிகாட்டும் கடமை அவருக்கு உண்டு, பக்கம் சாயாமல் செய்ய வேண்டும், அவ்வளவே. விளங்காவிட்டால் "விளங்கவில்லை" என்று சொல்லுங்கள். நம் ஊரில் படித்தவர் முன்னால் அப்படிச் சொல்ல நமக்கு வெட்கம். இந்த வெட்கத்தால் இழந்த காசு எதிர்த்தரப்பு லோயர்கள் எல்லாரும் சேர்ந்து பிடுங்கியதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு இடத்தில் இந்தக் கையேட்டை மூடிவைக்க வேண்டும். அடி, மிரட்டல், "உன் விசாவை வெட்டிவிடுவேன்" என்ற பேச்சு இருக்கும் வீட்டில் தானே அப்புக்காத்து ஆகும் விளையாட்டு வேண்டாம். வன்முறைக்கு உள்ளானவர் ஒரு வருடம் காத்திராமலே விவாகரத்துக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. குடும்ப விசாவில் வந்தவருக்கும், துணையால் வதைபட்டிருந்தால், தனியாகத் தங்கும் உரிமைக்கு வழி உண்டு. 1978இலிருந்து ஒஸ்லோவில் இயங்கும் பெண்கள் காப்பு மையம் உண்டு. 1974இல் சட்ட மாணவிகள் தொடங்கிய யுர்க் அமைப்பு பெண்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. மற்றவர்களுக்கும் அட்வுகாட்வக்தன் என்ற பெயரில் லோயர்கள் காசு வாங்காமல் அரை மணிநேரம் ஆலோசனை சொல்கிறார்கள். வருமானம் குறைவானால் அரச செலவில் லோயர் கிடைக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எதிலும் மிரட்டலுக்குப் பயந்து ஒப்பமிட்டிருந்தால் அதுவும் முடிந்த கதை இல்லை: அநியாயமான பங்கீட்டு ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

இவ்வளவும் கடந்து, வாயைக் கட்டி, இரண்டு வரிப் பதில்களோடும் ஒரே சிலம்போடும் சொத்து வழக்கை நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று வைப்போம். எழும்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். லோயர் செய்திருக்க வேண்டிய வேலையை நீங்களே செய்திருந்தால், அந்த உழைப்புக்கு நியாயமான கூலியைத் தோற்றவரிடம் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. மணிக்கணக்கை ஒழுங்காக எழுதி நீதிமன்றத்தில் கொடுங்கள். 25 வீதம் மொம்ஸை மட்டும் சேர்க்காதீர்கள்.