விவாகச் சித்திரமும் சாதிருசியமும்: ஒரு விசாரணை

சிநேகிதனுடைய கல்யாணத்திற்கு என்ன கொடுப்பது என்னும் கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு அற்பமாகத் தோன்றினும், அதனுள் இறங்கியவன் சித்திர சாஸ்திரம், ரசாயனம், பூகோளம், நியாயஸ்தல வழக்கு, மொய்க் கணக்கு ஆகிய ஐந்தையும் தொடாமல் கரையேற முடியாது என்பதை, சிட்னியின் மேற்குப் புறத்து வென்ட்வொர்த்வில்லில் குடியிருந்துகொண்டு, மெல்போர்னில் தை முகூர்த்தத்தில் மாலையிடவிருந்த மதுரைக்கார நண்பர் ஒருவருக்காக மூன்று மாதம் தூரிகை பிடித்த இவ்வாய்வாளன், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையையே பரிசோதனைச் சாலையாக்கிக் கண்டறிந்தான்.

ரொக்கமே உத்தமம் என்பது பூர்வபக்ஷம். ஆஸ்திரேலியாவில் அதற்கு வெள்ளையரின் சம்மதமும் உண்டு: பத்திரிகையிலேயே 'விஷ்ஷிங் வெல்' என்று குறிப்பிட்டு, மண்டபத்தில் கிணறு போன்ற ஒரு பெட்டியை வைத்து, வருவோர் அதனுள் கவரைப் போட்டுச் செல்லும்படி ஏற்பாடு செய்வது இங்கே வழக்கம். நம்மவர் அந்தக் கிணற்றிலும் நூற்றொன்றையே போடுகிறார்கள். நூறுக்குப் பச்சை நோட்டு ஒன்று போதும். எஞ்சிய ஒன்றுக்கோ, ஒரு டாலர் நோட்டு 1984-இல் நாணயமாகிவிட்டபடியால், செலோடேப் தேட வேண்டியிருக்கிறது. ஆயினும் மொய் என்பது கொடை அன்று, கடன்; நோட்டில் ஏறி, சற்றே பெருத்து, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தன்று திரும்பி வந்து சேர்வது. திருப்பிச் செய்ய இயலாததே பரிசு என்று இலக்கணம் வகுத்துக்கொண்டால், என் நண்பர் ஏழு பிறவி எடுத்தாலும் திருப்பிச் செய்ய முடியாதது நான் வரையும் படம் ஒன்றே. ஏனெனில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் அவருக்குக் கோணும்.

காமசூத்திரத்துக்கு உரை கண்ட யசோதரர் சித்திரத்துக்கு ஆறு அங்கங்களை எண்ணிக் காட்டுகிறார்: ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்ய யோஜனம், சாதிருசியம், வர்ணிகாபங்கம். முதல் நான்கையும் வல்லவர்களுக்கு விட்டுவிடலாம். கல்யாணப் படம் எழுதுவோனை வாட்டுவன ஐந்தாவதாகிய சாதிருசியமும், அதாவது ஆள் அந்த ஆளைப் போலவே இருப்பதும், ஆறாவதாகிய வர்ணக் கலப்புமே ஆம்.

ஆளைப் போல இருக்க வேண்டுமாயின் ஆள் எதிரே உட்கார வேண்டும். பரிசோ ரகசியம். ஆகவே நண்பரின் தாயாரை மட்டும் சதியில் சேர்த்துக்கொண்டு, அவர் மதுரையிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு புகைப்படத்தையே ஆதாரமாகக் கொண்டேன். மணமக்கள் இருவரும் சிட்னி ஹைட் பார்க்கில், 1932-இல் திறக்கப்பட்ட ஆர்ச்சிபால்ட் நீரூற்றின் முன் நின்று, கையை நீட்டித் தாமே எடுத்துக்கொண்ட படம் அது. காமிராவுக்கு நெருங்கி நின்ற குற்றத்துக்காக நண்பரின் மூக்கு அதில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று அதில் ஒளிந்திருந்ததைப் பின்னரே உணர்ந்தேன். 'புல்லட்டின்' பத்திரிகையின் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஜே. எஃப். ஆர்ச்சிபால்டின் உயிலினால் வந்தது அந்த ஊற்று. 1921 முதல் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தின் தர்மகர்த்தர்கள் உருவச் சித்திரத்துக்கு வழங்கிவரும் ஆர்ச்சிபால்ட் பரிசும் அதே உயிலினால் வந்ததே. 1975-ஆம் வருஷத்துப் போட்டியில் ஜான் புளூம்ஃபீல்ட் என்பார் திரைப்பட இயக்குநர் டிம் பர்ஸ்டலை எழுதிப் பரிசு பெற்றார். ஆளை நேரில் இருத்தாமல் புகைப்படத்தைப் பார்த்து எழுதியது என்று தெரிந்ததும் அப்பரிசு பறிக்கப்பட்டு வேறொருவருக்குப் போயிற்று. ஆக, ஆர்ச்சிபால்டின் பணத்தில் எழுந்த ஊற்றின் முன் எடுத்த புகைப்படத்தைக் கொண்டு நான் எழுதிய சித்திரம், ஆர்ச்சிபால்ட் பரிசின் விதிப்படியே தள்ளுபடி.

இதனினும் நுட்பமானது 1943-ஆம் வருஷத்துப் பரிசு. சிநேகிதனைச் சிநேகிதன் வரைவதன் பலாபலன்களை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய வழக்கு அதுவே. வில்லியம் டோபெல், தம் சக ஓவியரும் நண்பருமான ஜோஷுவா ஸ்மித்தை, கழுத்தை நீட்டி, காதுகளை விரித்து, கைகளைக் குச்சியாக்கி எழுதினார், பரிசும் பெற்றார். போட்டியில் தோற்ற மேரி எட்வர்ட்ஸும் ஜோசப் வொலின்ஸ்கியும், இது உருவச் சித்திரமன்று, கேலிச் சித்திரம் என்று வியாஜ்ஜியம் தொடுக்க, பின்னாளில் நாட்டின் பிரதம நீதிபதியாக வந்த கார்ஃபீல்ட் பார்விக் அவர்களுக்காக வாதாட, ஒரு மனிதரின் கழுத்து எவ்வளவு நீளலாம் என்பது நியாயஸ்தலத்தில் சாட்சி வைத்து விசாரிக்கப்பட்டது. 1944-இல் நீதிபதி ரோப்பர், மிகை இருப்பினும் சாயல் இருக்கிறது, ஆதலால் உருவச் சித்திரமே என்று தீர்ப்பளித்தார். வழக்கில் வென்ற டோபெல் உடலும் மனமும் நொந்து வாஞ்சி வாஞ்சி என்னும் ஏரிக்கரை ஊரில் ஒதுங்கினார். ஜோஷுவா ஸ்மித் 1944-ஆம் வருஷத்துப் பரிசைத் தாமே வென்றும், 'அந்தப் படத்தில் இருப்பவர்' என்னும் பெயரிலிருந்து கடைசிவரை மீளவில்லை. இதைப் படித்த இரவு நான் எழுந்துபோய், நண்பரின் கழுத்தை அரை விரற்கடை குறைத்தேன்.

வர்ணத்துக்கு வருவோம். இங்கே ஓவியச் சாமான் கடைகளில் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று ஒரு டியூப் விற்கிறது. பிதுக்கினால் வருவது, சிட்னியின் பாண்டாய் கடற்கரையில் நாள் முழுதும் குப்புறப் படுத்து வெந்த துரைமகனின் முதுகு நிறம். மதுரைக்காரருக்கு பர்ன்ட் சியன்னாவில் பாதியளவு மஞ்சள் ஓக்கர் சேர்த்து, மோவாயின் கீழ் நிழலுக்குக் குன்றிமணி அளவு அல்ட்ராமரின் குழைக்க வேண்டும் என்பதைப் பதினோராவது தட்டில் கண்டுகொண்டேன். அதைப் படமெடுத்துத் தாயாருக்கு அனுப்பியபோது, "நல்லா வந்திருக்குப்பா தம்பி, கொஞ்சம் நெறமா மட்டும் போட்டுரு" என்று பதில் வந்தது. நிறம் என்னும் சொல் எல்லா நிறத்தையும் குறிக்கும் என்று பொருள் எழுதும் அகராதிக்காரர்கள், விவாக விஷயத்தில் அஃது ஒரே நிறத்தைத்தான் குறிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்வது நலம். தாயின் வாக்கையும் தட்டலாகாது, சாதிருசியத்தையும் கெடுக்கலாகாது என்னும் இக்கட்டில், மாலை வெயிலை வரவழைத்து நண்பரின் இடது கன்னத்தில் விழச் செய்தேன். கன்னம் வெளுத்தது, பழி சூரியனுடையது.

எண்ணெய் வர்ணத்தை நான் தொடவில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டு இறுகுவதால் காய்வது அது. வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். தை முகூர்த்தம் பொறுக்காது. அக்ரிலிக்கோ நீர் ஆவியானால் தீர்ந்தது, அரை மணியில் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஜாதி, சூட்டில் இளகும் என்பதையும், நம்முடைய தை மாதம் இங்கே கடுங்கோடை என்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு இல்லாது போயிற்று. படத்தின் மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்றிக் காரின் பின்னிருக்கையில் சாய்த்து, ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 880 கிலோமீட்டர் ஓட்டினேன். வழியில் கண்டகாய் என்னும் ஊருக்கு அருகில், உணவுப் பெட்டியின் மேல் குந்தியிருக்கும் நாய்க்கு வைத்த சிலையைத் தரிசித்தேன். அதுவும் நீரூற்றைப் போல 1932-இல் திறக்கப்பட்டதே. நாயின் சாயலைப் பற்றி எவரும் வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை.

இரவு மெல்போர்னின் கிளேட்டனில் தங்கிய வீட்டில் கட்டைப் பிரித்தபோது, வெயில் விழுந்த அந்த இடது கன்னத்தில் மட்டும், வரிசை பிறழாத சின்னஞ்சிறு வட்டங்கள், அம்மைத் தழும்புகள் அணிவகுத்தாற்போல் பதிந்திருந்தன. மற்ற இடங்களைவிட அங்கேதான் டைட்டேனியம் வெள்ளையை அப்பியிருந்தேன். நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை, தட்டு இல்லாமல் ஒரு வாழைப்பழத் தோலின் உட்புறத்தில் வர்ணம் குழைத்து, வட்டங்களை மூடினேன்.

மறுநாள் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் படம் அரங்கேறியது. நியாயஸ்தலத்தைவிட வேகமாகத் தீர்ப்புகள் வந்தன. பெரியம்மா ஒருவர், "அப்படியே அவங்க சித்தப்பாதான், பாவம், இருந்திருந்தா..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்; பெண் வீட்டார் பெண் அச்சாக இருக்கிறாள், மாப்பிள்ளைதான் யாரென்று தெரியவில்லை என்றனர்; மாப்பிள்ளை வீட்டார் இதனையே திருப்பிச் சொன்னார்கள். "ஏம்ப்பா, பல் வலியா? ஒரு பக்கம் வீங்கியிருக்கே" என்று ஒருவர் மணமகனையே கேட்டார். நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு என் காதருகே, "டேய், மூக்கைச் சின்னதாக்கிட்டியேடா" என்றார். கண்ணாடியில் தினமும் பார்க்கும் மூக்கை அவர் அந்தப் புகைப்படத்தின் அளவிலேயே ஒப்புக்கொண்டுவிட்டிருந்தார் என்பது, யசோதரரும் ரோப்பரும் எதிர்பாராத புதுச் சிக்கல்.

மதுரையிலிருந்தே நீளவாட்டு நோட்டும் கையோடு கொண்டுவந்து மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மாமா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை நோக்கினார்.

"எவ்வளவுன்னு போடட்டும் தம்பி?"

"படம் மாமா."

"அதான் தெரியுதே. எவ்வளவு?"

இவ்வாய்வின் இலக்கணப்படி அதற்கு விலை கிடையாது என்பதை, பின்னால் வரிசையில் பதினைந்து பேர் கவரோடு நிற்கையில், எவ்வாறு ஸ்தாபிப்பது? மாமா சற்று யோசித்தார், படத்தைச் சாய்த்து, சுண்டுவிரலால் தட்டிப் பார்த்தார், என் பெயரையும் ஊரையும் எழுதி, தொகைக்கான இடத்தில் ஒரு கோடு இழுத்து, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டார்: "படம் 1. கண்ணாடி இல்லை."