பெருமூச்சு ரசிகர்

டென்னிஸ் ரசிகர்களில் ஒரு வகையினர் ஜெயிப்பவர் பின்னால் போவார்கள். ஆண்டுக்கு ஒரு புதுத் தலைவி கிடைத்துவிடுவதால் அவர்களுக்குக் கவலை இல்லை. இன்னொரு வகையினர் கொடியின் பின்னால் போவார்கள். சொந்த நாட்டுக்காரி முதல் சுற்றிலேயே வெளியேறினால் மிச்ச வாரம் முழுக்க விடுமுறை. பரிதாபத்துக்குரியவர் மூன்றாம் வகைக்காரர். ஓய்வு பெற்று, பிரிவுபசார விருந்தும் முடிந்து, பல வருடம் கழித்து மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் மூத்த வீராங்கனையின் ரசிகர் அவர். வீராங்கனை தோற்றால் இவருக்குத் துக்கம். ஜெயித்தால் இன்னும் பெரிய துக்கம். நாளை மறுநாள் அடுத்த சுற்று இருக்கிறது. முழங்கால் தாங்க வேண்டுமே!

இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் கலப்படமில்லாத அசலைப் பார்க்க 2008க்கும் 2017க்கும் இடையில் டோக்கியோவின் அரியாகே கொலீசியத்துக்குப் போயிருக்க வேண்டும். செப்டம்பரில் பான் பசிபிக் ஓப்பன் நடக்கும். ஓட்டுநர் இல்லாத யுரிகாமோமே ரயிலில் வந்து இறங்குவார் நம்மவர். கழுத்தில் துண்டு, கையில் மடக்கு விசிறி, பையில் சாப்பாட்டுப் பெட்டி, சட்டைப் பையில் அன்றைய ஆட்ட அட்டவணை. அட்டவணையில் ஒரே ஒரு பெயருக்குக் கீழே கோடு போட்டிருப்பார்: கிமிகோ டாதே. மற்ற ஆட்டங்கள் இவரைப் பொறுத்தவரை, கிமிகோ வருகிற வரைக்கும் மைதானம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக நடப்பவை.

பக்கத்து இருக்கை இளைஞன் தாமதமாக வந்து, "ஸ்கோர் என்னங்க?" என்று கேட்பான். "அது கிடக்கட்டும் தம்பி, அவங்க வயசு தெரியுமா உனக்கு?" என்பார் இவர். ஸ்கோரைச் சொல்லாமல் சமாளிப்பதற்காக அல்ல. இவர் பார்க்கும் ஸ்கோர் உண்மையிலேயே அதுதான்.

இவருடைய சரித்திர ஞானம் இரண்டு தேதிகளில் அடங்கிவிடும். முதலாவது, 1996 ஏப்ரல். இதே அரியாகேயில், ஃபெட் கோப்பையில், ஸ்டெஃபி கிராஃபைக் கிமிகோ 7-6, 3-6, 12-10 என்று சாய்த்தார். அரங்கில் சுமார் 10,000 பேர் உட்காரலாம். அன்று நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் அத்தனை பேரையும் உட்கார வைக்க வேண்டுமானால் பக்கத்தில் இன்னும் சில அரங்குகள் கட்ட வேண்டும். நம்மவரும் நேரில் பார்த்தவர்தான். எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் வருடத்துக்கு வருடம் ஆடுகளத்தை நோக்கி முன்னேறி வந்திருக்கிறது.

இரண்டாவது, அதே ஆண்டு ஜூலை, விம்பிள்டன் அரையிறுதி. எதிரே மறுபடியும் கிராஃப். முதல் செட் போய்விட்டது, இரண்டாவதில் 0-2. அங்கிருந்து வரிசையாக ஆறு கேம்களை அள்ளி செட்டைச் சமன் செய்தார் கிமிகோ. அப்போது பார்த்து லண்டனில் இருட்டிவிட்டது. ஆட்டம் நின்றது. மறுநாள் கிராஃப் நன்றாகத் தூங்கி எழுந்து வந்து மூன்றாவது செட்டை 6-3 என்று முடித்துக்கொண்டார். நம்மவர் கிராஃபைக் குறை சொல்ல மாட்டார். சூரியன் மேல்தான் வழக்கு. "ஒரு அரை மணி நேரம் கழிச்சு அஸ்தமிச்சிருந்தா என்னவாம்?" என்பார். சென்டர் கோர்ட்டுக்குக் கூரையும் விளக்கும் 2009இல் வந்தபோது, தாமதமாக வழங்கப்பட்ட நீதி என்று மகிழ்ந்தார். 2011இல் கிமிகோ அந்தக் கூரைக்குக் கீழேயே வீனஸ் வில்லியம்ஸை எதிர்த்து ஆடினார். 2 மணி 56 நிமிடம் போராடி மூன்றாவது செட்டில் 8-6 என்று தோற்றார். அன்றிலிருந்து இவர் கூரையைப் பற்றிப் பேசுவதில்லை.

தோல்விக்கான காரணங்களை இவர் வைத்திருக்கும் ஒழுங்கே தனி. பந்து புதுசு. மட்டையின் நரம்பு இறுக்கம். டிராவில் சதி. எதிராளி வேண்டுமென்றே நன்றாக ஆடினாள். எல்லாம் தீர்ந்து போனால் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது. கிமிகோ பிறவியில் இடக்கைக்காரர். வலக்கையால் ஆடப் பழகியவர். "அந்தக் கையிலேயே விட்டிருந்தா நம்பர் ஒன் ஆகியிருப்பாங்க!" வலக்கையால் ஆடியே 1995இல் உலகின் 4ஆம் இடத்துக்கு வந்தார் என்று யாராவது சொன்னால், "பாத்தீங்களா, தப்பான கையிலேயே நாலு!" என்று அதையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார்.

1996 இறுதியில், முதல் பத்து இடங்களுக்குள் இருக்கும்போதே, 26 வயதில் கிமிகோ ஓய்வு பெற்றார். ஜெர்மன் கார் பந்தய வீரர் ஒருவரை மணந்தார். 2004இல் லண்டன் மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். 2008இல், 37 வயதில், திரும்பி வருவதாக அறிவித்தார். கிஃபு நகரில் நடந்த சின்னப் போட்டியில், 16 வயது குருமி நாராவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இரட்டையர் பட்டம் வென்றார். ஒற்றையரில் இறுதி வரை போய்த் தாய்லாந்தின் தமரின் தனசுகார்னிடம் தோற்றார். நம்மவர் அந்த அறிவிப்பைக் கேட்டதும் அலமாரியிலிருந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். பன்னிரண்டு வருடமும் இவரும் ஓய்வில்தான் இருந்தார். யாரும் கவனிக்காததால் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இவருடைய பஞ்சாங்கமே மாறிவிட்டது. செப்டம்பர் 28 கிமிகோவின் பிறந்தநாள். அதைவிட முக்கியம் அதற்கு முந்தின நாள். 2009 செப்டம்பர் 27: சியோலில் பட்டம், மறுநாள் 39 வயது. 2010 செப்டம்பர் 27: டோக்கியோவில் 23 வயது மரியா ஷரபோவாவுக்குத் தோல்வி, மறுநாள் கிமிகோவுக்கு 40. அந்தத் தேதியில் இவர் வீட்டில் யாரும் வேறு காரியம் வைத்துக்கொள்வதில்லை. சியோல் பட்டத்தில் இவருக்கு ஒரே ஒரு குறை: அதிக வயதில் ஒற்றையர் பட்டம் வென்றவர்களில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. 1983இல் பர்மிங்ஹாமில் வென்ற பில்லி ஜீன் கிங் சில மாதங்கள் மூத்தவராகப் போய்விட்டார். உலகமெல்லாம் ரசிகர்கள் தங்கள் தலைவி இளமையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, இவர் மட்டும், "இன்னும் கொஞ்சம் வயசாகியிருந்தா முதல் இடம்!" என்று அங்கலாய்ப்பார். மறு வருடம் ஒசாகாவில் வாய்ப்பு வந்தது. இறுதிப் போட்டி, கிமிகோவுக்கு 40, எதிராளிக்கு 33, கூட்டினால் 73. எதிராளி யார்? அதே தனசுகார்ன்! மூன்று செட்டில் கிமிகோ தோற்றார். நம்மவர் தாய்லாந்து உணவகத்துக்குப் போவதை நிறுத்தினார்.

வைல்டு கார்டு விஷயத்தில் இவருடைய நீதி சாஸ்திரம் தெளிவானது. தரவரிசை போதாத 18 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தால் அது சிபாரிசு. தரவரிசை போதாத 40 வயதுப் பெண்மணிக்குக் கொடுத்தால் அது மரியாதை.

இவ்வளவு அன்பும் கடைசியில் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதுதான் வேடிக்கை. கூச்சல் போட இவருக்குக் கூச்சம். விசிலடிக்கத் தெரியாது. ஆகவே பெருமூச்சு விடுவார். அதிலும் தரம் உண்டு. முதல் சர்வீஸ் வலையில் விழுந்தால் ஒரு குட்டை மூச்சு. டபுள் ஃபால்ட் என்றால் அடிவயிற்றிலிருந்து ஒரு "ஆ…". பிரேக் பாயிண்ட் நழுவினால், அடுப்பில் பாலைப் பொங்கவிட்ட வீட்டில் எழும் அதே ஓசை. ஒரு மனிதர் விட்டால் அது மூச்சு. ஆயிரக்கணக்கான அரியாகேவாசிகள் ஒரே நொடியில், ஒரே சுருதியில் விட்டால் அது வானிலை.

2013இல் பான் பசிபிக் போட்டியில் ஆஸ்திரேலியாவின் சமந்தா ஸ்டோசருடன் ஆடும்போது கிமிகோ ஒரு டபுள் ஃபால்ட் செய்தார். அரங்கம் வழக்கம்போல் "ஆ…" என்றது. 42 வயதுக்காரரின் பொறுமை அறுந்தது. கூட்டத்தைப் பார்த்து, வாயை மூடுங்கள், எப்போதும் பெருமூச்சுதானா என்று சத்தம் போட்டார். அந்த மூச்சு தன் தெம்பையே உறிஞ்சிவிடுகிறது என்று பிறகு விளக்கமும் சொன்னார். எதிராளியிடம் சண்டை பிடிக்கும் ஆட்டக்காரர்களும் உண்டு, நடுவரிடம் சண்டை பிடிப்பவர்களும் உண்டு. சொந்த ரசிகர்களின் அனுதாபத்தோடு சண்டை பிடித்தவர் இவர்தான்.

நம்மவர் என்ன செய்தார்? திரும்பிப் பக்கத்து இருக்கைக்காரரை முறைத்தார். அவர் அந்தப் பக்கத்தவரை முறைத்தார். அந்த முறைப்பு அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவரிடமே திரும்பி வந்திருக்கும். அதற்குள் அடுத்த பந்து வலையில் விழுந்துவிட்டது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நம்மவர் விசிறியை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, மூக்கு வழியாக விட்டார்.

இவர் ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தால் கோபம் வராது. ரயில் நிலையப் படிக்கட்டில் பாதியில் நின்று, கைபேசியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குகிறவர் இவர். அலுவலகத்தில் இவருடைய நாற்காலிக்குப் பின்னால் இளைஞர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். களத்தில் ஓடுவது கிமிகோவின் கால்தான். ஆனால் பந்தயத்தில் வைக்கப்பட்டிருப்பது இவருடைய வயது. அவர் ஏறி வரும் பந்தை எழும்பும்போதே பட்டென்று திருப்பி அடித்தால் இவருக்கு ஐந்து வயது குறைகிறது. வலையில் விட்டால் அதையும் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஆக, கிமிகோ ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிராளியின் பந்தை மட்டுமல்ல, மாடியில் உட்கார்ந்திருக்கும் இத்தனை பேருடைய வயதையும் வலைக்கு மேலே தூக்கி அடிக்க வேண்டியிருந்தது. சத்தம் போடாமல் என்ன செய்வார்?

பாரத்தைச் சுமக்கிறவர்கள் அதைப் பற்றி ரசிகரைப் போல் உருகுவதும் இல்லை. அன்று கூரைக்குக் கீழே கிமிகோவை வென்ற வீனஸ், 2025 ஜூலையில், 16 மாதங்கள் ஒற்றையர் ஆடாமல் இருந்துவிட்டு, வைல்டு கார்டில் வாஷிங்டனுக்கு வந்தார். வயது 45. முதல் சுற்றில் பேட்டன் ஸ்டெர்ன்ஸை 6-3, 6-4 என்று வென்றார். ஸ்டெர்ன்ஸ் பிறப்பதற்கு முன்பே வீனஸ் நான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வாங்கி வைத்துவிட்டார் என்பதை அங்கிருந்த நம்மவரின் அமெரிக்கச் சகோதரர்கள் அந்த இரவுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். எதற்காகத் திரும்பி வந்தார்? ஆட்டத்தின் மேல் தீராத காதல், விதிக்குச் சவால் என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருக்க, வீனஸ் மைக்கைப் பிடித்து, மருத்துவக் காப்பீட்டுக்காகத்தான் வர வேண்டியதாயிற்று, நான் எப்போதும் டாக்டரிடம்தானே இருக்கிறேன் என்று வேடிக்கையாகப் போட்டு உடைத்தார். அரங்கம் சிரித்தது. அடுத்த சுற்றில் மக்தலேனா ஃப்ரெஹ் 6-2, 6-2 என்று அவரை அனுப்பி வைத்தார்.

மூத்த வீராங்கனை எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் ஊருக்கெல்லாம் கருத்து உண்டு. உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும் என்பார்கள். கிமிகோ அதை 26 வயதிலேயே செய்து பார்த்துவிட்டார். பிடிக்காமல்தான் திரும்பி வந்தார். இரண்டாம் முறை உச்சத்துக்காகக் காத்திருக்கவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் ஆடிப் பார்த்தார். 2017 செப்டம்பர் 12 அன்று, அதே அரியாகேயில், செர்பியாவின் அலெக்சாண்ட்ரா க்ரூனிச்சிடம் 0-6, 0-6 என்று தோற்று விடைபெற்றார்.

நம்மவர் அன்றும் வந்திருந்தார். இரண்டு முட்டைகளையும் அட்டவணையில் குறித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலில் பேனாவை எடுத்து வேறொரு கணக்குப் போட்டார். மார்ட்டினா நவ்ரத்திலோவா 2004இல் விம்பிள்டனில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தை ஜெயித்தபோது அவருக்கு 47 வயது. கிமிகோவுக்கு இப்போது 46தான்; 47 ஆக இன்னும் பதினாறு நாள் பாக்கி. இரண்டு முறை கூட்டிக் கழித்துச் சரிபார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"அவசரப்பட்டுட்டாங்க."