கருவாட்டுக்குச் சொந்தக்காரன்

பூநகரிக்காரருக்கு அமைனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மீன் பழுதாகும்போது கிளம்புகிற நாற்றத்தின் முக்கால்வாசிப் பழி ட்ரைமெதைல் அமைன் என்ற பொருளைத்தான் சேரும். கடலேரிக் கரையில் கருவாடு போட்ட எந்த ஆச்சியும் அதை மூக்காலேயே அளந்து, "இது நாளைக்குத் தாங்காது மோனை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவா. அதே குடும்பத்துச் சரக்கைத் தண்ணீரில் கரைத்து, அது எவ்வளவு காபனீரொட்சைட்டைக் குடிக்கும் என்று கணக்குப் பார்க்க வெளிக்கிட்ட படித்தவர்களுக்குத் தொண்ணூறு வருசமாகியும் வேலை முடியவில்லை.

1930இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், கேர்ட்லர் நிறுவனத்தின் ஆர். ஆர். பொட்டம்ஸ் அமைனால் வாயுவைக் கழுவும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். குளிரில் அமைன் வாயுவைப் பிடிக்கும், சூடாக்கினால் விட்டுவிடும். பூமி சூடாகிறதே என்ற கவலை அந்த மனுசனுக்குத் துளியும் இல்லை. இயற்கை வாயுவில் கிடக்கும் கூழ்முட்டை மணத்தையும் காபனீரொட்சைட்டையும் கழுவித் தள்ளினால் மிச்சம் நல்ல விலைக்குப் போகும், அவ்வளவுதான். இன்றைக்கு உலகத்தைக் காக்க வந்த தொழில்நுட்பம் என்று பொன்னாடை போர்த்தப்படுவது இந்த யாவாரத்துக்குத்தான்.

பிறகு அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிகள் இதை வாங்கிக்கொண்டன. மாதக்கணக்கில் கடலுக்கடியில் கிடக்கிறவர்கள் விடுகிற மூச்சை மொனோ எதனோல் அமைன் கழுவியது. உயிர் தப்பியது, மணம் தப்பவில்லை. கரைக்கு வந்த மாலுமியின் உடுப்பெல்லாம் அமைன். எந்தக் கடலுக்குப் போனார்கள் என்பது இராணுவ இரகசியம். எதிலே போனார்கள் என்பது மணத்திலேயே தெரிந்துவிடும்.

அமைன் எவ்வளவு வாயுவைக் குடிக்கும் என்று அளக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். நிமிர்த்தி வைத்த உருக்குக் குழாயின் வெளிப்பக்கத்தில் அமைனை மெல்லிய படலமாக வழியவிடுவார்கள். சுற்றிவர வாயு ஏறும். போனதில் வந்ததைக் கழித்தால் குடித்தது. கேட்க லேசு. படலத்தில் சின்ன அலை எழும்பினாலும் பரப்புக் கூடி, கணக்குப் பிழைத்துவிடும். அலையை அடக்க, சவர்க்கார வகைப் பொருளில் ஒரு துளி விட்டவர்களும் உண்டு. பட்டம் பல பெற்றவர்கள் ஒரு முழக் குழாயின் முன்னால் குனிந்து, "அசையாதே" என்று தண்ணீரைக் கெஞ்சியதுதான் இந்த விஞ்ஞானத்தின் பொற்காலம்.

இதிலே வன்னியான் எழும்பி நின்று மரியாதை செய்யவேண்டிய ஆள் பீற்றர் டங்க்வேர்ட்ஸ். 1940இல் ஜேர்மன்காரர் பரசூட்டில் இறக்கிய வெடிகளை லண்டனில் செயலிழக்கச் செய்தவர். சேவையில் சேர்ந்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. ஏறக்குறைய 48 மணித்தியாலத்தில் 16 வெடி. ஜோர்ஜ் சிலுவை கொடுத்தார்கள். போர் முடிந்ததும், 1951இல், வாயுவைத் தொடும் திரவத்தின் மேற்பரப்பு அசையாமல் நிற்பதில்லை, அடியிலிருந்து புதுத் திரவம் வந்து வந்து அதை மாற்றுகிறது என்று எழுதினார். கேம்பிரிட்ஜில் பேராசிரியராகி, அமைனும் காபனீரொட்சைட்டும் எந்த வழியாகச் சேருகின்றன என்று 1979இலும் துருவிக்கொண்டிருந்தார். எங்கட பக்கத்தில் வருசக்கணக்காகக் குந்தியிருந்து கண்ணிவெடி கிளறிய பொடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒருத்தரும் கேம்பிரிட்ஜ் கதிரை காட்டவில்லை என்பது வேறு கதை.

அமைன் எவ்வளவு குடிக்கும் என்பதைத் தாளிலேயே கணக்கிட 1976இல் கென்ட், ஐசன்பேர்க் என்று இருவர் வந்தார்கள். அயன்கள் முட்டி மோதும் கரைசலை, ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காத நல்ல பிள்ளைகள் கூட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் வரும் பிழை முழுவதையும் இரண்டு சமநிலை மாறிலிகளின் தலையில் கட்டி, பரிசோதனை விடையோடு ஒத்துவரும்வரை திருகினார்கள். விடையைப் பார்த்துக் கணக்குச் செய்தால் பள்ளிக்கூடத்தில் பிரம்படி. இங்கே அதற்கு 'மாதிரி' என்று பெயர். கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அது வேலை செய்தது.

எந்த மாதிரியாலும் மறைக்க முடியாதது செலவு. வாயுவைப் பிடிப்பது, காலபோக விதைப்புக்குச் சங்கிலியை அடைவு வைப்பதுபோல் நிமிசத்தில் ஆகிற காரியம். மீட்கப் போனால்தான் வட்டி தெரியும். நாற்பது பாகையில் பிடித்ததை விடுவிக்க 120 பாகை வேண்டும். 30 சதவீத மொனோ எதனோல் அமைன் என்றால், காபனீரொட்சைட்டுத் தொன் ஒன்றுக்கு மூன்றரை முதல் நாலு கிகாயூல் சூடு. அனல் மின் நிலையத்தில் அந்த நீராவி, மின்சாரமாகியிருக்க வேண்டிய நீராவி.

இந்த வட்டியைக் குறைக்கக் கரக்பூர் ஐஐடியில் படித்த இருவர் 2009இல் கம்பனி தொடங்கினார்கள். இந்தியாவில் முதல் போட ஆளில்லை; லண்டனுக்குப் போனார்கள். அவர்களுடைய கரைசல் 2016இல் மன்னார் வளைகுடாவுக்கு அந்தப்பக்கம், தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் வேலையைத் தொடங்கியது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வருசத்துக்கு 60,000 தொன் காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சோடா சாம்பல் செய்யும் திட்டம், அரசாங்க மானியம் இல்லாமல். உலகத்தைக் காப்பதாக ஆலைக்காரர் சத்தியம் செய்யவில்லை; வெளியிலிருந்து வாங்குவதைவிட மலிவு என்றுதான் பார்த்தார்கள். பொட்டம்ஸ் இருந்திருந்தால் கை கொடுத்திருப்பார்.

இங்காலே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஓடுகிறது. அதன் புகையைக் கழுவ அமைன் கோபுரம் ஒன்றும் இல்லை.