தீவுக்குப் போற தம்பிக்கு

ஏம்பா தம்பி, அமைதியான தீவு வேணும், கூட்டமே இருக்கக் கூடாது, படகுலதான் போகணும்னு நேத்து மொட்டை மாடியில நின்னு போன்ல பேசினியே. மந்தைவெளி மொத்தத்துக்கும் கேட்டுது. உனக்கு அமைதி எவ்வளவு பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

தீவு இருக்குப்பா. எங்க பழவேற்காட்டுப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், ரெண்டும் கலந்துடாம நடுவுல நீளமா படுத்துக் கிடக்கிற மணல் திட்டு. படகு கூட மயிலாப்பூர்லயே ஏறலாம். என்ன, நீ கொஞ்சம் லேட்டா பொறந்துட்ட.

திருமயிலை ஸ்டேஷன் காலை ஊணி நிக்குதே, அந்தத் தண்ணிதான் பக்கிங்காம் கால்வா. வடக்கே எண்ணூர் பக்கம் 1806லயே தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. கூவத்தையும் அடையாறையும் சேர்க்கிற நம்ம துண்டு இருக்கு பாரு, அதைத் தாது வருசப் பஞ்சத்துல, 1877-78ல, வயித்துக்கு இல்லாத சனம் நிவாரணக் கூலிக்கு வெட்டிச்சு. அந்தக் கால்வா வழியாத்தான் ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகு பட்டணத்துக்கு வந்தது. உங்க கொள்ளுப்பாட்டி டிகிரி காபி போட்ட அடுப்புல எரிஞ்சது எங்க தீவா கூட இருக்கலாம். 2008ல அதுக்குத் தேசிய நீர்வழி நாலுன்னு பேரும் வெச்சாங்க. பேரு வந்துது, படகு வரலை. அதுக்கு முன்னாடியே, 1997ல, பறக்கும் ரயில் மயிலாப்பூர் வந்து கால்வாயிலேயே தூணை நட்டுடுச்சு. அப்பவும் இந்த வழியாத்தான் போவேன்னு அடம் பிடிச்சா, மூக்கை வீட்டுலயே வெச்சுட்டுப் போ.

சரி, கார்லயே பழவேற்காடு போய்ச் சேர்ந்துட்டேன்னு வெச்சுக்கோ. கரையில எவனாவது காதோரம் வந்து "போட்டு போலாமா சார்"னு கேப்பான். காது கேக்காத மாதிரி நட. இதுல மட்டும் நான் கேலி பண்ணலை. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு உல்லாசமாப் போன படகு கவிழ்ந்து 22 உசுரு போச்சு. அதுக்கப்புறம்தான் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டாங்க. ஏரி காலியாத்தானே கிடக்குன்னும் நினைக்காத. எந்தக் குப்பம் எந்த நாள் எந்த இடத்துல வலை கட்டணும்னு முறை வெச்சுப் பாடு பிரிச்சிருக்காங்க. அந்த முறையில உன் பேரு இல்லை.

தீவுக்குள்ள நினைச்சபடி போகவும் முடியாது. 1971லேருந்து அங்க ராக்கெட்டு விடறாங்க. தலைமுறை தலைமுறையா அங்க இருந்த யானாதிக் குடிசனத்தையே இடம் மாத்தினவங்க, லேப்டாப் பையோட வர்ற உனக்கா கேட்டைத் திறப்பாங்க? ஆனா ஒண்ணு பாரு. உலகத்துலயே பெரிய சத்தம் போடற சாமான் அங்க இருக்கிறதாலதான் காடு காடாவே இருக்கு. ராக்கெட்டு வருசத்துல சில நாள்தான் கத்தும், அதுவும் தேதி சொல்லிட்டு. உன் கூட்டாளிங்க ஸ்பீக்கரோட வந்தா தேதியாவது, நேரமாவது? அந்தத் தீவு சும்மா கிடக்கிறதுக்கு முக்கியக் காரணமே உன்னை மாதிரி அமைதி விரும்பிங்க நினைச்சபடி உள்ளே போக முடியாததுதான்.

பூநாரை பார்க்கணும்னா மார்கழி, தை மாசம் ஏரி ஓரமா நின்னே பாரு. டிரோனை எடுத்த, ஒத்தைக் கால்ல நிக்கிறது ரெண்டு காலையும் தூக்கிடும்.

அப்பவும் அமைதி போதலைன்னா பழவேற்காட்டுலயே இருக்கிற டச்சுக்காரன் கல்லறைக்குப் போ. 1613ல கோட்டை கட்டி வியாபாரம் பண்ண வந்தவங்க, பேரம் எல்லாம் முடிஞ்சு படுத்திருக்காங்க. வாசல்ல ரெண்டு கல் எலும்புக்கூடு நிக்கும். செல்ஃபிக்கு அசையாம போஸ் குடுக்கும், காசும் கேக்காது.

எப்பப் போறேன்னு முன்னாடியே சொல்லு, நானும் வண்டியில ஏறிக்கிறேன். படகுக்கு எடுத்து வெச்ச காசு அப்படியே மிஞ்சும் இல்ல? அதுல ஏரி நண்டு வாங்கலாம். பேரம் நான் பேசறேன், நீ வாயைத் திறந்தா விலை ஏறிடும். பாதி நண்டு எனக்கு. பொறுக்கறதும் நான்தான்.