மூன்றாம் மாடித் துரை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘துரை வீடு’ என்றால் பால்காரர் முதல் பிளம்பர் வரை நேராக மூன்றாம் மாடிக்குப் போய்விடுவார்கள். வங்கியில் முப்பத்தைந்து வருடம் ஊரார் பணத்தை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே 1860க்குக் குடிபெயர்ந்துவிட்டார். உடம்பு மட்டும் மின் கட்டணம் கட்டிக்கொண்டு சென்னையில் இருக்கிறது.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலில் பித்தளை மணி தொங்கும். பக்கத்திலேயே காலிங்பெல் இருந்தாலும் மணியைத்தான் ஆட்ட வேண்டும். கூடத்தில் கால் நீட்டிப் படுக்கிற பிரம்பு நாற்காலி. உட்கார்ந்தவர் எழுந்திருக்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். வாயில் ‘மெட்ராஸ்’ தவிர வேறு பெயர் வராது. நீங்கள் சென்னை என்று சொன்னால் ஒரு நொடி கண்ணை மூடி, உங்களை மன்னித்துவிட்டு, பேச்சைத் தொடர்வார். ஸ்பென்சர் கட்டடம் எரிந்த கதையைச் சொல்லும்போது பெரியப்பா போய்விட்ட மாதிரி குரல் கம்மும்.

அவருடைய மனைவியைக் குடியிருப்பில் சிலர் ‘துரைசானி’ என்பார்கள். அந்த அம்மாவுக்கு அது பிடிக்காது. “நான் அவரைக் கட்டிக்கிட்டது பேங்க் வேலைன்னு சொன்னதால. கவர்னர் வேலைன்னு சொல்லியிருந்தா எங்கப்பா குடுத்திருக்க மாட்டார்” என்பார்.

துரை விழா எடுப்பதில் மன்னன். எந்த விழாவானாலும் வெள்ளைக்காரன் காலத்தில்தான் நடக்கும். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ராயபுரம் ரயில் நிலைய வடிவில் கேக். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது என்று நாற்பது நிமிடம் பேசினார். குழந்தை அதற்குள் பிளாட்பாரத்தைத் தின்றுவிட்டது. திருமண நாளுக்குத் தோட்ட விருந்து. தோட்டம் என்பது டிரான்ஸ்பார்மர் அருகே இருக்கும் நான்கு குரோட்டன்ஸ் தொட்டி. இதெல்லாம் ஒத்திகைதான். உண்மையான பண்டிகை ஆகஸ்ட் 22. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639இல் இந்தக் கடற்கரை மணல் கைமாறிய நாளை மெட்ராஸ் தினம் என்று ஊரே 2004 முதல் கொண்டாடுகிறது. ஊருக்கு அது நடைப்பயணம், புகைப்படக் கண்காட்சி, சொற்பொழிவு. துரைக்கோ கிட்டத்தட்ட முடிசூட்டு விழா.

போன வருடம் அழைப்பிதழைப் பழைய ஓலை போலக் காட்ட நினைத்தார். வெள்ளைத் தாளை எதிலாவது ஊறவைத்தால் பழுப்பாகும் என்று எங்கோ படித்திருக்கிறார். காலையில் அந்த அம்மா பில்டரைத் திறந்தால் டிகாக்‌ஷன் இல்லை. அடுத்த அறையில் நாற்பது அழைப்பிதழ்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மேலே அரக்கு முத்திரை வேறு. எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்பிதழை என் மனைவி திறக்கவில்லை, முகர்ந்து பார்த்தாள். “இது முதல் டிகாக்‌ஷன். பாவம் அந்த அம்மா” என்றாள்.

குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கைவினை வகுப்பும் உண்டு. இறகுப் பேனா செய்யச் சொன்னார். வாத்து இறகுக்குச் சென்னையில் எங்கே போவது? கோழிக்கடையிலிருந்து ஒரு பை வந்தது. எழுதியதைவிடத் தும்மியதே அதிகம். பிறகு பங்கா செய்தார்கள்: உத்தரத்திலிருந்து ஒரு சட்டம் தொங்கும், அதில் துணி தொங்கும், கயிற்றைப் பிடித்து ஒருவன் இழுக்க இழுக்க அறைக்குள் காற்று வரும். துரை வேட்டி ஒன்றைத் தியாகம் செய்தார். எல்லாம் அமைந்த பிறகு, இழுப்பது யார் என்று கேட்டார். வகுப்பு அத்தோடு கலைந்தது.

இனி தொப்பிக்கு வருவோம். துரையின் உயிர் அந்தத் தொப்பியில் இருக்கிறது. ஆன்லைனில் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கியது. வெள்ளைத் துணி போர்த்தி, நடு உச்சியில் சின்னக் குமிழ் வைத்து, பின்கழுத்துவரை நிழல் தருகிற அசல் ரகம். அதை ‘சோலார் தொப்பி’ என்று அறிமுகப்படுத்தினார். “சோலார்னா சார்ஜ் எங்க ஏறும் அங்கிள்?” என்று கேட்டான் இரண்டாம் மாடிப் பையன். அவன் கேட்டதில் தப்பில்லை. வெள்ளைக்காரர்களே இந்தக் குழப்பத்தில்தான் இருந்தார்கள். ‘சோலா’ என்பது சூரியனல்ல, செடி. நம் ஊரில் நெட்டி. குளம் குட்டையில் வளரும். தண்டின் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று தக்கை, ஊதினால் பறக்கும் எடை. தஞ்சாவூரில் இதை இழைத்துப் பெரிய கோயில் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்கள். டெல்டாப் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு இதே நெட்டியில் மாலை கட்டிக் காளைக்குப் போடுவார்கள். மாட்டின் கழுத்துக்குப் போனதும் துரையின் தலைக்குப் போனதும் ஒரே குளத்துச் சரக்கு. இதை அவரிடம் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை.

தொப்பி என்றாலே நம்மவர்களுக்குப் பழைய பகை உண்டு. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதற்கு ஒரு காரணம், தோல் சின்னம் வைத்த, தொப்பி சாயலில் இருந்த புதுத் தலைப்பாகை. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்ற உத்தரவு வேறு. ஊதியம் கொடுத்து மாட்டச் சொன்னபோது மறுத்தவர்களின் ஊரில், காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறவர் எங்கள் துரை. டெலிவரி இரண்டு நாள் தாமதமானதற்கு மட்டும்தான் அவர் கொதித்தார்.

விழா மொட்டை மாடியில். ‘அந்தக் காலத்து உடையில் வரவும்’ என்று அழைப்பிதழில் இருந்தது. வந்தவர்களை எண்ணினேன்: கவர்னர் பதினான்கு பேர், கலெக்டர் ஆறு, வைஸ்ராய் மூன்று. பட்லர் இல்லை, ஆயா இல்லை, டோபி இல்லை, பங்கா இழுப்பவன் இல்லவே இல்லை. கம்பெனி இப்படி ஆட்சி நடத்தியிருந்தால் முதல் வாரமே துணி துவைக்க ஆளில்லாமல் கப்பலேறியிருக்கும். துரை எலைஹு யேலாக வந்திருந்தார். 1687 முதல் 1692 வரை கோட்டையில் கவர்னர். சொந்த வியாபாரம் பார்த்ததாகப் பதவி போனவர். பின்னாளில் ஒரு கல்லூரிக்கு அவர் கொடுத்த சரக்கு மூட்டைகளும் புத்தகங்களும் அமெரிக்காவில் அவர் பெயரை நிலைநிறுத்திவிட்டன. யேல் காலத்தில் அந்தத் தொப்பியே கிடையாது, அது ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று நாள் நினைவுக்கு வந்தது.

வாட்ச்மேனுக்குச் சிவப்புக் கோட்டு. நாடக உடை வாடகைக் கடையில் எடுத்தது. “சார், இது எட்டப்பனுக்குத் தைச்சதாம். இடுப்புல பிடிக்குது” என்று அவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

நான் வேட்டி கட்டி, மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, தலையில் சரிகைத் தலைப்பாகை, தோளில் அங்கவஸ்திரம், வெறுங்கால் என்று போனேன். அந்தக் காலத்து மெட்ராஸ் குமாஸ்தா. துரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார், யார் வீட்டுக் கல்யாணத்துலேர்ந்து வர்றீங்க?”

அவர் மனைவி சூப் தட்டோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். “ஏங்க, உங்க தாத்தா கூடத்துல படத்துல இப்படித்தானே நிக்கிறார்?” என்றார். துரை அவசரமாகச் சூப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சூப்பின் பெயர் முல்லிகடானி. நம் மிளகுத் தண்ணீர்தான், கப்பலில் போய்க் கோழியும் ஆப்பிளும் சேர்த்துக்கொண்டு பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வங்காளத்து வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் வெள்ளைக்காரனை இந்தச் சூப்பின் பெயரைச் சுருக்கி ‘மல்’ என்று கேலி செய்வார்களாம். பார்க்கப்போனால் ‘ரசம்’ என்று கூப்பிடுகிற மாதிரி. கேட்டரிங்காரர் ஒரு கிண்ணத்துக்கு 180 ரூபாய் போட்டிருந்தார். அந்த அம்மா என் காதருகே, “ரசத்துல யாராவது ஆப்பிள் போடுவாங்களா?” என்றார்.

துரை உரையாற்ற எழுந்த நேரத்தில்தான் அந்த இரண்டாம் மாடிப் பையன் வந்தான். அட்டைக் கத்தி, ஒட்டு மீசை, ஜிகினா கிரீடம். பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வாங்கிய கட்டபொம்மன் உடை. பழைய காலம் என்றதும் அவன் அம்மாவுக்குத் தோன்றியது அதுதான். நேராக நடுவே வந்து நின்று, யேல் துரையைப் பார்த்துக் கத்தியை நீட்டி, வரி கேட்டதற்குப் பதில் சொல்லும் அந்த வசனத்தை எடுத்தான். 1959இல் வந்த படம். அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் பிறந்த எந்தப் பையனுக்கும் அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வரியில் பையனுக்கு மறந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பின்னாலிருந்து ஒரு கவர்னர் எடுத்துக்கொடுத்தார். அடுத்த வரியை இரண்டு கலெக்டர்கள் சொன்னார்கள். அதற்கடுத்த வரியில் வைஸ்ராய்கள் சேர்ந்துகொண்டார்கள், ஏற்ற இறக்கத்தோடு, சிவாஜி மாதிரியே புருவம் தூக்கி. கடைசியில் பதினான்கு கவர்னர்களும் தொப்பியோடு கையை ஓங்கி முழங்கியதில் எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். வாட்ச்மேன் விசிலடித்தார். நான் துரையைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது. ஆகஸ்ட் மாதத்துச் சாயங்கால மழை, சொல்லாமல் வந்து கொட்டிவிட்டுப் போகிற ரகம். எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். பங்கா மட்டும் இழுக்க ஆளில்லாமலே காற்றில் ஆடியது. தொப்பி மேஜைமேல் மறந்துபோனது. நெட்டி தண்ணீரைக் குடித்துக் குடித்து, காலையில் பார்த்தபோது பாத்திரம் கொள்ளாத இட்லி போல உப்பிக் கிடந்தது. தலைக்கு வரவில்லை. காயவைத்ததும் கோணிக்கொண்டது.

போன புதன்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனேன். அந்த அம்மா சாம்பார்ப்பொடிக்குத் துவரம்பருப்பும் மல்லியும் வெயிலில் பரப்பியிருந்தார். காக்கைக்காகப் பக்கத்தில் ஒரு துடைப்பத்தை நிமிர்த்திக் கட்டி, அதன் தலையில் தொப்பியை மாட்டியிருந்தார். காக்கை அதன் குமிழ்மேல் உட்கார்ந்து, எங்கே இறங்கலாம் என்று பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.