தோன்றா எழுவாய்

முப்பத்தாறு வருடம் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். எனக்குப் புரியாத தமிழ் ஒன்று உள்ளூரிலேயே புழங்குகிறது என்பது, வாசலில் வடிகால் மூடி உடைந்த பிறகுதான் தெரிந்தது.

உடைந்தது ஆனி மாதம். ஓர் ஆள் இடுப்பளவு இறங்கக்கூடிய ஓட்டை. இருட்டில் யாரும் விழுந்து தொலைக்கக் கூடாதே என்று கொல்லையில் முறித்த முருங்கைக் கொம்பை அதில் ஊன்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு மாநகராட்சிக்கு மனு எழுதினேன். எந்த மாநகராட்சி என்று கேட்காதீர்கள். இன்னும் அங்கேதான் சொத்துவரி கட்டுகிறேன்.

எங்கள் வார்டு கவுன்சிலர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். புணர்ச்சி விதி என்றாலே பெஞ்சுக்கு அடியில் பேனா தேடுவாள். "எஸ்டிமேட் போட்டாச்சு சார். மாமன்றத்துல பொருளா வெச்சிடலாம்" என்றாள். பொருள் என்றால் எனக்கு அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவில் வருவது. அவள் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினாள். கூட்டத்தின் பொருள் நிரல், அதாவது அஜெண்டா. "நீங்களே படிச்சுப் பாருங்க சார்." கேள்வித்தாள் கை மாறிவிட்டது.

முதல் பொருள் பதினான்கு வரி. ஒரே வாக்கியம். 'பழுதடைந்துள்ளதாலும், பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளதாலும், அவசர அவசியம் கருதி' என்று மூச்சுவாங்க ஓடி, 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது' என்று வந்து நின்றது. பழக்க தோஷம், சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு எழுவாயைத் தேடினேன். மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது. குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்படலாம். எல்லாம் நடக்கிறது, ஆனால் யாரும் எதையும் செய்வதில்லை! 'மதிப்பீடுதானே ஐயா எழுவாய்' என்று பண்டிதர் யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். நான் தேடுவது அதைப் போட்ட ஆளை. 'வா' என்று சொன்னால் உள்ளே 'நீ' ஒளிந்திருக்கிறது, அதுதான் தோன்றா எழுவாய் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஒளிந்திருப்பவரைத் தணிக்கைத் துறை வந்தாலும் வெளியே இழுக்க முடியாது.

உம்மைக்குக் கூட விலை உண்டு. 'பார்வைக்கும் முடிவிற்கும்' என்றிருந்தால் உறுப்பினர்கள் முடிவெடுக்கலாம். வெறும் 'பார்வைக்கு' என்றிருந்தால் பார்க்கலாம், அவ்வளவுதான். எண்ணும்மைக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது தெரிந்திருந்தால் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் அடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

என்னை நிலைகுலைய வைத்தது வேறொரு பொருள். மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி, மேயரின் முன் அனுமதி பெற்று, செய்து முடிக்கப்பட்ட பணிக்கு, மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறதாம். மூன்று காலமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. தாலி கட்டி, பிள்ளை பெற்று, காதுகுத்துக்கு வந்தவர்களிடம் "பெண்ணைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பது மாதிரி. அவளைக் கேட்டேன். "அடைமழையில பாலம் உடைஞ்சா அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க முடியுமா சார்?" என்றாள். நியாயம்தான். அவசரத்துக்கென்று வைத்த ஏற்பாடு. அந்த மாதம் எத்தனை பாலம் உடைந்தது என்று நான் எண்ணப் போகவில்லை.

இதைவிட வேடிக்கையான காலம் ஒன்று இருந்தது. 2016-ல் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மாமன்றமே கிடையாது. மாமன்றத்தின் அதிகாரம் 'தனி அலுவலர்' கையில். தனி அலுவலர் யார்? ஆணையர்தான். ஆணையர் என்ற முறையில் அவர் பொருளை வைப்பார். தனி அலுவலர் என்ற முறையில் அவரே பரிசீலித்து, திருப்தியடைந்து, தீர்மானம் போடுவார். கருத்து வேறுபாடு வந்ததாகத் தகவல் இல்லை. கோரம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

கோரம் என்பது இவர்கள் பாஷையில் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை. ஆவணியில் ஒருநாள் பாஸ் வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பத்திரிகைக்காரத் தம்பி கீழே எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கோரம் இருக்கு சார்" என்றான். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது.

தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், இரங்கல் தீர்மானம். பிறகு தெருநாய் குறித்து முக்கால் மணி நேரம். மேயர் அங்கியில் கம்பீரமாக இருந்தார். 1688-ல் சென்னையில் நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயரானதிலிருந்து வந்த மரபு. மேயரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் மரபு ஒரு நிலையில் நிற்பதில்லை. 1996-ல் நாம் நேரடியாக ஓட்டுப் போட்டோம், 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 2011-ல் மறுபடி நாம், 2022-ல் மறுபடி அவர்கள். யார் தேர்ந்தெடுத்தாலும் தீர்மானத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் பக்கத்து நாற்காலி ஆணையரிடம். அவர் வாயே திறக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்குப் பேச வேண்டிய அவசியம் என்ன?

பன்னிரண்டரைக்கு எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. கேன்டீனில் வடை போடும் நேரமும் அதுதான் என்று தம்பி சொன்னான். அவர்கள் கடைசிப் படியைத் தாண்டுவதற்குள் மேயர், "ஒன்று முதல் எழுபத்து மூன்று வரை அனைத்துத் தீர்மானங்களும்" என்று தொடங்கினார். மேசைகள் தடதடத்தன. நிறைவேறிவிட்டது. ஆல் பாஸ்! என் சர்வீஸில் எந்த வகுப்புக்கும் என்னால் போட முடியாதது. கொரோனா வருடத்தில்தான் அதற்கு அரசு ஆணையே வந்தது. எங்கள் வடிகால் மூடி நாற்பத்தொன்றாவது பொருள். அதன் பெயரைக் கூட யாரும் உச்சரிக்கவில்லை.

பணி ஆணை வர ஐப்பசி ஆகிவிட்டது. குறை சொல்ல மாட்டேன். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பொதுச்சட்டமே 1998-ல் நிறைவேறி, நடுவில் நிறுத்திவைக்கப்பட்டு, 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு மூடிக்கு நாலு மாதம் அதிகமா?

ஒருநாள் காலை உதவிப் பொறியாளரும் கவுன்சிலரும் வாசலுக்கு வந்தார்கள். பின்னால் டெம்போவில் புது கான்கிரீட் மூடி. பொறியாளர் டேப்பை இழுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். நான் ஊன்றிய கொம்பு வண்டலில் வேர் பிடித்து, கூரை உயரத்துக்குக் கிளைவிட்டு நின்றது. சிவப்புத் துணி கீரைக்குள் எங்கேயோ இருந்தது.

"சார், இது மரமாச்சே" என்றார் பொறியாளர்.

"கீரைதானேப்பா?"

"முருங்கை மரம்தான் சார். அரசு இடத்துல இருக்கிற மரத்தை எடுக்கணும்னா மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போகணும். அது வேற ஃபைல்."

டெம்போக்காரர் மூடியைத் தெருவோரமாகச் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். பொறியாளர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். என் பழைய மாணவி என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"யார் நட்டதுன்னு ஒரு காலம் இருக்கு" என்றார் பொறியாளர், பேனா மூடியைக் கழற்றியபடி.

அவள் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். "எழுதிக்குங்க ஏ.இ. சார்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "மேற்படி இடத்தில் முருங்கை மரம் ஒன்று நடப்பட்டுள்ளது."

பிழையில்லாத வாக்கியம். நான் வாயைத் திறக்கவில்லை.